பொது வாசகருக்கு எதற்குப் பொருளடைவு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோழர் வரலாறு பற்றிய நூலுக்குச் சென்ற இதழில் வந்த மதிப்புரை, 'பொருளடைவு இல்லாதது குறையல்ல, இது பொது வாசகருக்கான நூல்' என்று தீர்ப்பளித்துவிட்டது. பெயர்களையும் பொருள்களையும் பக்க எண்ணோடு அகரவரிசையில் நூலின் கடைசியில் தரும் பட்டியலைத்தான் பொருளடைவு என்கிறோம். நல்லது. பொது வாசகர் ஒருமுறை படித்து அலமாரியில் செருகிவிடுவார், மறுபடி எதையும் தேடமாட்டார் என்று மதிப்புரையாளருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, பாடினோர், பாடப்பட்டோர் பற்றிய குறிப்புகளையும் சேர்த்தே கொடுத்தார் என்பது தாங்கள் அறியாததல்ல. இன்றைய பதிப்பாளரைக் கேட்டால் பக்கம் கூடும் என்கிறார். 296 பக்கத்தில் முடியும் நூலை 16 பக்க ஃபாரமாக (ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுதியாக) அச்சடித்தால், 19ஆம் ஃபாரத்தில் 8 பக்கம் மிஞ்சும். அளவான பொருளடைவுக்கு அது போதும். அங்கேதான் பதிப்பகத்தின் விலைப்பட்டியல் உட்கார்ந்திருக்கிறது!

வேலை கடினம்தான், மறுக்கவில்லை. கடைசி மெய்ப்பில், அதாவது திருத்தம் பார்க்க எடுக்கும் அச்சுப்படியில், பக்க எண்கள் நிலைத்த பிறகே தொடங்கவேண்டும். முன்னதாகச் செய்துவிட்டு எழுத்தளவை அரை 'பாயிண்ட்' குறைத்தால் எண்கள் அத்தனையும் இடம்மாறிப்போகும். கணினியே தேடிக்கொள்ளும் என்று விடவும் முடியாது. 'தஞ்சாவூர்' என்று தேடினால் 'தஞ்சாவூரில்' சிக்காது, 'ர்' மேலிருந்த புள்ளி போய்விடுகிறதே. 'காவிரியாறு' என்றால் 'காவிரியாற்றில்' அகப்படாது. ராஜேந்திரன் என்ற பெயரில் மூன்று சோழ மன்னர்கள் உண்டு. அவர்களைப் பிரித்துப்போட ஆள் உட்காரவேண்டும்.

அப்படி உட்காரும்போதுதான் பிழைகள் பிடிபடும். முதலாம் ராஜராஜன் பட்டமேறியது 985இல். முதல் ஆண்டே 985-86 என்பதால், 26ஆம் ஆட்சியாண்டு 1010-11 ஆகும். தாங்கள் பாராட்டிய நூலில் அந்த ஆண்டை ஓர் அத்தியாயம் 1010 என்கிறது, இன்னொன்று 985உடன் 26ஐக் கூட்டி 1011 என்கிறது. இரண்டையும் பொருளடைவில் ஒரே தலைப்பின்கீழ் எழுதியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். 'ஒரு கல்வெட்டு சொல்கிறது' என்று வேறு அடிக்கடி வருகிறது. எந்தக் கல்வெட்டு ஐயா? பெரிய கோயில் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் எண்ணிட்டே அச்சாகியிருக்கின்றன. அந்த எண்ணைப் போட என்ன தடை?

அறிவியல் நூல்களின் கதி இன்னும் மோசம். புவியின் வயது 4.5 பில்லியன் ஆண்டு, அதாவது 450 கோடி. 45 கோடி என்று அச்சாகிறது, மதிப்புரையில் 'எளிய நடை' என்று பாராட்டும் கிடைக்கிறது. வரைபடங்களில் அளவுகோல் இல்லை. விரித்துப் படித்தால் பசை விட்டுத் தாள் கையோடு வருகிறது. மதிப்புரைகளோ பெரும்பாலும் நூலாசிரியரின் நண்பர்கள் எழுதுபவை. இதையும் தங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. மதிப்புரைக்குக் கீழே பதிப்பகம், விலை போடும் கட்டத்தில், 'பொருளடைவு: உண்டு / இல்லை' என்று ஒரு வரி சேருங்கள். அட்டைப்படத்தை அரை அங்குலம் சுருக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
திருச்சி