நாலு நிமிடம் கேட்டு ஒரு மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

"ஆங்கிலப் பாடத்தில் 61 மாணவர்கள் பருவக் கட்டுரையைச் சமர்ப்பிக்காதது குறித்துப் பாட ஆசிரியர் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்" என்று சென்ற வாரம் ஒரு படிவம் என் மேசைக்கு வந்தது. அதில் 'காரணம்' என்ற கட்டத்துக்கு ஒன்றரை வரி இடம் விட்டிருந்தார்கள். ஒன்றரை வரிக்குள் எழுதிப் பார்த்தேன். 'மாணவர்களின் அலட்சியம்' என்ற இரண்டு சொற்கள்தான் அதில் கச்சிதமாக உட்காருகின்றன. அது உண்மையில்லாததால் இந்த மடல். இதே விஷயமாக முன்பு இரண்டு முறை தனியாகக் கடிதம் கொடுத்தேன். இரண்டும் 'பார்வையிடப்பட்டது' என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. அதனால்தான் இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததே. சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவர்கள் நீங்கள்தான். வாரம் ஒருமுறை ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் இருந்த எழுத்துப் பீரியட் மாதிரித் தேர்வுக்குப் போனது. தலைப்புக்கு ஒரு தேதி, ரஃப் காப்பிக்கு ஒரு தேதி என்று நான் வைத்திருந்த சின்னச் சின்னக் கெடுக்கள் 'பொறுப்புணர்வை வளர்க்கும்' நோக்கத்தில் எடுக்கப்பட்டு, பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை ஒரே கெடுவாக ஆனது. தராதவர்களின் பெயர்கள் போர்ட்டலில் சிவப்பில் வந்தன. அது போதாதென்று அச்செடுத்து அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டன.

அந்தப் பட்டியலில் 23-ஆவது பெயரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். பெயர் வேண்டாம், ஏற்கெனவே பலகையில் போதுமான அளவு இருக்கிறது.

பட்டியல் ஒட்டிய மறுநாள் மதியம் அந்தப் பெண்ணைத் தாழ்வாரத்தில் பிடித்தேன். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "எழுதலைன்னு இல்ல மிஸ். எழுதி எழுதி அழிச்சிட்டேன்" என்றாள். பிள்ளைகள் எதையும் சொல்வார்கள் என்று நானும் முதலில் நினைத்தேன், மறைப்பானேன். அவளுடைய கோப்பைத் திறந்து, எப்போது திறந்து என்ன மாற்றினாள் என்று காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியைப் பார்த்தேன். பருவம் முழுக்க 19 இரவுகள் அந்தக் கோப்பு திறக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் ஒன்பதரைக்கு மேல். ஒரு இரவு தலைப்பு, கீழே ஒரு வாக்கியம். அடுத்த இரவு அந்த வாக்கியம் இல்லை, வேறொன்று. இன்னொரு இரவு நாலு வரி. நாற்பது நிமிடம் கழித்து நாலும் காலி. கெடு முடிந்த வெள்ளி இரவு 11:52-க்கும் ஒருமுறை திறந்திருக்கிறாள். கடைசியில் மிஞ்சியது தலைப்பு மட்டும். நம் போர்ட்டல் இதையெல்லாம் சேர்த்து 'தொடங்கப்படவில்லை' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டது.

கட்டுரை எழுத வேண்டிய நாவல் பையில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ஓரங்கள் கசங்கி, பென்சில் கோடுகளோடு, நன்றாகப் படித்த புத்தகம். ஒரு பக்கத்தில் நாயகி தன் தங்கையிடம் பேசும் இடத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'இவள் ஏன் இங்கே பொய் சொல்கிறாள்?' என்று ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தாள். அதைக் காட்டி, இதுதான் உன் கட்டுரை, இந்தக் கேள்விக்குப் பதில் எழுது என்றேன். அவள் நம்பவில்லை. கட்டுரை என்றால் நாவலாசிரியரின் வாழ்க்கைக் குறிப்பில் தொடங்க வேண்டும், கதைச் சுருக்கம் வேண்டும், முதல் வாக்கியமே பிரமாதமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். 19 இரவும் அழித்தது அந்தப் பிரமாதமான முதல் வாக்கியத்தைத்தான். பேசி முடித்து மணியைப் பார்த்தேன். நாலு நிமிடம் ஆகியிருந்தது.

இந்த நாலு நிமிடம் பருவத்தின் மூன்றாவது வாரத்தில் கிடைத்திருந்தால் 23-ஆவது எண் அந்தப் பட்டியலில் இருந்திருக்காது. அதைக் கொடுக்கத்தான் எழுத்துப் பீரியட் இருந்தது. அது என்ன கணக்கு என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். செக்‌ஷனுக்கு 36 பேர். பீரியட் 45 நிமிடம். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்க, ஒன்பது பேரை ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டு ஆளுக்கு நாலு நிமிடம் பேசினால் 36 நிமிடம். மீதி ஒன்பது நிமிடம் வகுப்பை அடக்குவதற்கும் நோட்டைத் தேடுவதற்கும் சரியாக இருக்கும். நாலு வாரத்தில் முழு செக்‌ஷனும் ஒரு சுற்று. பன்னிரண்டு வாரப் பருவத்தில் ஒரு பிள்ளைக்கு மூன்று முறை: என்ன எழுதப் போகிறாய், எழுதியதைக் காட்டு, இதைத் திருத்திவிட்டுக் கொடு. கட்டுரை என்பது இந்த மூன்று கேள்விகளுக்கு நடுவில்தான் வளர்கிறது. இந்த மூன்றையும் எடுத்துவிட்டுப் பருவக் கடைசியில் வாசலில் நின்று 'எங்கே கட்டுரை' என்று கேட்டால், விதை போடாத வயலில் அரிவாளோடு நிற்பது போலத்தான்.

ஒரே கெடு பொறுப்புணர்வை வளர்க்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் சுற்றறிக்கையில் இல்லை. எதிர்ப்பக்கத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1994-இல் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் இறுதியாண்டு ஆய்வேடு எழுதும் கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்களின் கணிப்பு சராசரியாக 34 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். சொன்ன நாளில் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அவர்கள் பட்டம் வாங்கப் போகிறவர்கள், அதிலும் நன்றாகப் படிப்பவர்கள். நம் பிள்ளைகளுக்குப் பதினைந்து வயது.

2002-இல் ஏரியலி, வெர்டன்பிராக் இருவரும் வெளியிட்ட ஆய்வில், மூன்று கட்டுரைகளைப் பிழை திருத்தச் சொல்லி மூன்று குழுக்களுக்குக் கொடுத்தார்கள். வாரம் ஒன்று என்று சீராகக் கெடு வைத்த குழு அதிகப் பிழைகளைக் கண்டுபிடித்தது, தாமதமும் குறைவு. கடைசியில் ஒரே கெடு என்று விடப்பட்ட குழு இரண்டிலும் பின்தங்கியது. அந்த இருவரில் முன்னவர் பங்கெடுத்த வேறொரு ஆய்வுக் கட்டுரை 2021-இல் தரவுக் கோளாறால் திரும்பப் பெறப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாராவது அதைக் காட்டி என் வாயை அடைக்கக் கூடாது. இதை நான் வேதவாக்காகச் சொல்லவில்லை. வகுப்பில் நான் வருஷா வருஷம் பார்ப்பதும் இதுவே என்றுதான் சொல்கிறேன்.

சிவப்புப் பட்டியலுக்கு வருகிறேன். அதனால் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒட்டிய மூன்று நாளில் 38 கட்டுரைகள் வந்து குவிந்தன. அதில் பதினொன்று கிட்டத்தட்ட ஒரே வாக்கியத்தில் தொடங்குகின்றன. அந்தப் பதினொரு பிள்ளைகளில் ஒருத்தர்கூட வகுப்பில் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எங்கிருந்து வந்திருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, கடைசி இரவில் தவிக்கும் பிள்ளைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கட்டுரை தயாராக இருக்கிறது. போன கூட்டத்தில் இதற்கு ஒரு கண்டறியும் மென்பொருள் வாங்கலாம் என்று பேச்சு வந்தது. சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ரஃப் காப்பியை என் மேசையில் வைத்து நாலு நிமிடம் பேசிய பிள்ளையின் வாக்கியம் எது, இரவல் வாக்கியம் எது என்று எனக்கு எந்த மென்பொருளும் இல்லாமலே தெரியும். அந்தக் கருவியைத்தான் சுற்றறிக்கை போட்டு நிறுத்திவிட்டீர்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாலு செக்‌ஷனுக்கு 144 பேர். எல்லாக் கட்டுரையும் ஒரே வெள்ளிக்கிழமை வந்தால், ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் 24 மணி நேரம். தூங்காமல் சாப்பிடாமல் ஒரு பகல் ஒரு இரவு. அவ்வளவையும் திருத்தி மதிப்பெண் போட்டுக் கொடுக்கும்போது பருவம் முடிந்திருக்கும். நான் ஓரத்தில் எழுதியதைப் படிக்க யாருக்கும் காரணம் இருக்காது. ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், குறிப்புகள் மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்த கண் குறிப்புக்கு இறங்குவதில்லை என்பதை ஆங்கில ஆசிரியர் எவரிடமும் கேளுங்கள், ஆய்வு தேவைப்படாது.

நிர்வாகம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். கெடுவுக்கு முந்தைய வாரம் இரண்டு மணி நேரம் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் வந்து போனார். "உன்னால் முடியும்" என்று 36 பேரையும் எழுந்து நின்று கத்த வைத்தார். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் முப்பது பிள்ளைகளிடம் பேசியிருப்பேன். பெற்றோர் கைபேசிக்குத் தினமும் மாலை ஆறு மணிக்கு நினைவூட்டல் போனது. ஏற்கெனவே சமர்ப்பித்துவிட்ட பிள்ளைகளின் வீட்டுக்கும் போனது. அறிவியலுக்கு ஆய்வகம் வேண்டும் என்றால் அடுத்தடுத்து இரண்டு பீரியட் தரத் தயங்குவதில்லை, அது நியாயமும்கூட. எழுதுவதற்கு மட்டும் ஏனோ இடமும் நேரமும் வேண்டாம், பிள்ளைகள் வீட்டில் இரவு ஒன்பதரைக்கு மேல் அதைத் தானாகக் கற்றுக்கொள்வார்கள் என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. தமிழாசிரியரும் இதையே சொல்கிறார், ஆனால் அவருக்கு இன்னும் விளக்கப் படிவம் வரவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது சிறியது.

எழுத்துப் பீரியடைத் திருப்பிக் கொடுங்கள். செக்‌ஷனுக்கு வாரம் ஒன்று, அவ்வளவுதான். புதிதாக ஆள் வேண்டாம், மென்பொருள் வேண்டாம், பேச்சாளர் வேண்டாம். மாதிரித் தேர்வுக்கு மாற்று ஏற்பாடு தேவையென்றால், என்னுடைய இலக்கணப் பீரியடை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கணத்தைப் பிள்ளைகளின் கட்டுரையிலேயே வைத்து நடத்திக்கொள்கிறேன். தலைப்புக்கும் ரஃப் காப்பிக்கும் தனித்தனிக் கெடு வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். அந்தத் தேதியைத் தவறவிட்ட பிள்ளையின் பெயர் என் நோட்டில் இருந்தால் போதும், நான் கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறேன்.

பலகையில் இருக்கும் பட்டியலை இன்றைக்கே எடுத்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதில் இன்னும் தராதவர்கள் 23 பேர். இவர்களில் ஆறு பேர் உண்மையிலேயே புத்தகத்தைத் திறக்காதவர்கள், அதை நான் மறுக்கவில்லை. அவர்களையும் மேசைக்குக் கூப்பிட வேண்டியது நான்தான், பலகை கூப்பிடாது. மீதிப் பதினேழு பேரும் எங்கேயோ ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கே என்று கேட்க எனக்கு ஆளுக்கு நாலு நிமிடம் வேண்டும்.

அடுத்த பருவத்துக்கான கால அட்டவணை இந்த வாரம் தயாராகிறது என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்கிறார்கள். அட்டவணை ஒட்டப்படுவதற்கு முன் ஒரு பதில் கிடைத்தால் நன்றியுடையவளாக இருப்பேன். 'பார்வையிடப்பட்டது' என்ற முத்திரை மட்டும் வேண்டாம்.

பணிவுடன்,
ஆங்கிலப் பாட ஆசிரியை

பி.கு.: 23-ஆவது எண்ணை நீங்கள் அடித்துவிடலாம், கட்டுரை நேற்றிரவு வந்துவிட்டது. 22 பேர்தான் பாக்கி. இரண்டரைப் பக்கம், எழுத்துப் பிழை ஏழு. நாவலாசிரியரின் வாழ்க்கைக் குறிப்பு இல்லை. 'இவள் ஏன் இங்கே பொய் சொல்கிறாள்?' என்றுதான் தொடங்குகிறது.