ஆண்டறிக்கை: வடையும் ஆதாரமும்

அனைவருக்கும் வணக்கம்.

முதலில் கடமைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஞாயிறு கூட்டம் இந்த ஆண்டு பதினொரு முறை நடந்தது. டிசம்பரில் வாசகசாலைக்குள் தண்ணீர் வந்துவிட்டதால் விட்டுவிட்டோம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களைப் பொதுவில் படிக்க வேண்டாம் என்று பொருளாளர் கேட்டுக்கொண்டார். அவர் பெயரும் அதில் இருப்பதற்கும் இந்த வேண்டுகோளுக்கும் தொடர்பில்லை என்று நம்புகிறேன்.

விளையாட்டு உலகத்தின் விசித்திரக் கதைகளைப் பேசத்தான் நாம் கூடுகிறோம். ஆனால் சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம், நினைவிருக்கும். கதை சொல்கிறவர் ஆதாரத்தோடு வர வேண்டும், கதை பொய் என்று தெரிந்தால் அன்றைய டீ, வடை அவர் செலவு. முன்மொழிந்தவன் நான். முதல் தண்டம் அழுதவனும் நானே.

எல்லோரையும் போல நானும் சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த கதைதான்: வெறுங்காலோடு ஆடக்கூடாது என்று ஃபிஃபா சொன்னதால் 1950 கால்பந்து உலகக் கோப்பைக்கு இந்தியா போகவில்லை என்பது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் அடுத்த மாதமே ஒரு கட்டு நகல்களோடு வந்து உட்கார்ந்துவிட்டார். தகுதிச் சுற்றில் எதிரணிகள் விலகிக்கொண்டதால் இந்தியா ஒரு ஆட்டம்கூட ஆடாமல் தேர்வானது, ஸ்வீடன், இத்தாலி, பராகுவே இருந்த பிரிவில் இடமும் கொடுத்துவிட்டார்கள், பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கக்கூட பிரேசில் முன்வந்தது. நம் கால்பந்துக் கூட்டமைப்பு பயிற்சிக்கு நேரமில்லை, அணித் தேர்வில் கருத்து வேறுபாடு என்று காரணம் சொல்லி நின்றுகொண்டது. உண்மையில் அன்றைக்கு அவர்களுக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது. வெறுங்கால் விஷயம் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நிஜமாகவே நடந்தது: பெரும்பாலானோர் பூட்ஸ் இல்லாமல் ஆடி, இரண்டு பெனால்டிகளைக் கோட்டைவிட்டு, பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். இத்தனை வருடம் வெறுங்காலைப் பிடித்துத் தொங்கிய நான் இந்தப் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தண்டம் நியாயம்தான்.

அடுத்துச் சிக்கியவர் நம் உதவிச் செயலாளர். 1912 ஸ்டாக்ஹோம் மாரத்தானில் ஓடிக்கொண்டிருந்த ஜப்பானியர் ஷிசோ கனாகுரி பாதி வழியில் மாயமாகி, ஐம்பது வருடம் ஸ்வீடன் போலீஸ் அவரைத் தேடியது என்று உருக்கமாகச் சொன்னார். வெயில் கொடுமை நிஜம். அந்த ஓட்டத்தில் சுருண்டு விழுந்த போர்ச்சுகல் வீரர் ஃபிரான்சிஸ்கோ லாசரோ மறுநாள் இறந்தே போனார். கனாகுரி வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கிடைத்த பானத்தைக் குடித்துவிட்டு, வெட்கத்தில் யாருக்கும் சொல்லாமல் ஊர் திரும்பியதும் நிஜம். ஆனால் இதே மனிதர் 1920 ஆண்ட்வெர்ப்பிலும் 1924 பாரிஸிலும் ஒலிம்பிக் மாரத்தான் ஓடியிருக்கிறார். காணாமல் போனவர் அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக்கில் எப்படி ஓடுவார்? போலீஸ் கதை அங்கேயே படுத்துவிட்டது. இருந்தாலும் 1967-இல் ஸ்வீடன்காரர்கள் அவரை மரியாதையாக அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் சொன்னார்கள். 75 வயதில் எல்லைக் கோட்டைத் தொட்டார். அறிவித்த நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி. இடையில் கல்யாணமாகி, ஆறு பிள்ளைகளும் பத்துப் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள் என்று அவரே சிரித்திருக்கிறார். கதையில் பாதி உண்மை என்பதால் செயற்குழு கூடிப் பேசி, டீக்கு மட்டும் காசு வாங்கியது.

ஜூலைக் கூட்டத்தில் எல்லாம் தலைகீழ். 1904 செயின்ட் லூயிஸ் மாரத்தானைப் பற்றி ஒரு கல்லூரி மாணவர் பேசினார், முதல் ஐந்து நிமிடத்திலேயே இது சுத்த கப்சா என்று கடைக்கு ஆள் அனுப்பி வடைக்குச் சொல்லிவிட்டோம். ஒன்றுகூடப் பொய்யில்லை. 32 டிகிரி வெயில், புழுதிச் சாலை, கூடவே ஓடும் மோட்டார் கார்கள் கிளப்பும் தூசி வேறு. தாகத்தில் மனித உடம்பு என்ன ஆகிறது என்று ஆராய வேண்டுமாம், அதனால் வழியில் தண்ணீரைக் கிட்டத்தட்ட இல்லாமலே பண்ணியிருந்தார்கள். 32 பேர் கிளம்பி 14 பேர்தான் முடித்தார்கள். முதலில் வந்து சேர்ந்தவர் ஃபிரெட் லோர்ஸ், கைதட்டலெல்லாம் ஆன பிறகுதான் அவர் நடுவில் பதினொரு மைல் காரில் வந்தது வெளியே வந்தது. வாழ்நாள் தடை போட்டார்கள், அப்புறம் நீக்கினார்கள், மறுவருடம் பாஸ்டன் மாரத்தானை ஓடியே ஜெயித்தார். தங்கம் வாங்கிய தாமஸ் ஹிக்ஸ் கதை இன்னும் மோசம். களைத்து விழப்போனவருக்கு முட்டை வெள்ளைக்கருவில் ஸ்டிரிக்னின் கலந்து கொடுத்திருக்கிறார்கள், அதாவது எட்டி விஷம், மேலே பிராந்தி. தூக்கிப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தார்கள், நேரம் 3 மணி 28 நிமிடம் 53 விநாடி. கியூபாவிலிருந்து வந்த தபால்காரர் ஃபெலிக்ஸ் கார்வஹால் முழுக்கால் சட்டையை முட்டியில் வெட்டிக்கொண்டு சாதாரண ஷூவில் ஓடினார், வழியில் ஆப்பிளைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார், அப்படியும் நான்காவது இடம். அந்தத் தபால்காரருக்காகவாவது ஒரு பதக்கம் கூடுதலாக அடித்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். சொன்ன வடையைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதால் அன்றைய செலவு பொது நிதியில் எழுதப்பட்டுள்ளது, தணிக்கையாளர் பொறுத்தருள வேண்டும்.

செப்டம்பர் கூட்டம், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சரிசமமான ரன்னில் முடித்த, அதாவது ‘டை’ ஆன, 1986 சேப்பாக்கம் டெஸ்ட்டுக்கு. அன்று மட்டும் நாற்காலி பற்றவில்லை. ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்து ஆஸ்பத்திரிக்குப் போனது எல்லோருக்கும் மனப்பாடம். ஆஸ்திரேலியப் பயிற்சியாளராக அங்கே இருந்த பாப் சிம்ப்சன், 1960-இல் பிரிஸ்பேனில் நடந்த முதல் டை டெஸ்ட்டில் ஆடியவர் என்பது பலருக்குப் புதுச் செய்தி. இரண்டு டையையும் உள்ளே இருந்து பார்த்திருக்கிறார்! ஒரு பந்து மிச்சமிருக்க, நம் கடைசி ஆட்டக்காரர் மணிந்தருக்கு எல்பிடபிள்யூ கொடுத்தது சரியா என்ற விவாதம் இந்த ஆண்டும் முடியவில்லை. மட்டையில் பட்டது என்று ஒரு கட்சி, படவில்லை என்று ஒரு கட்சி. அதற்குச் சற்று முன் ஸ்கோரைச் சமன் செய்த அந்த ஒற்றை ரன்னை சாஸ்திரி ஓடியிருக்கவே கூடாது என்று மூன்றாவது கட்சி வேறு. தான் அன்று பட்டாபிராமன் கேட் பக்கம் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லும் பெரியவரிடம் டிக்கெட் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை, ஆகவே தண்டம் இல்லை.

பொதுக்குழு பாதியில் கலைந்ததைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது. கடைசிப் பேருந்து ஒன்பதே முக்காலுக்கு, என்ன செய்ய? 1939-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முடிவு வரும் வரை ஆடுவது என்று தொடங்கிய டெஸ்ட், பத்தாம் நாளில், இங்கிலாந்து 696-ஐத் துரத்தி 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தபோது, கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று நின்றுபோனது. அவர்களுக்குக் கப்பல், நமக்குப் பேருந்து.

புத்தக அலமாரி வேலை 1975-இல் லார்ட்ஸில் கவாஸ்கர் 174 பந்தில் எடுத்த 36 நாட் அவுட் மாதிரி நிதானமாக நகர்கிறது. தச்சரிடம் மறுபடி பேசுகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த கூட்டத்தில், 1966-இல் திருடுபோன கால்பந்து உலகக் கோப்பையை லண்டனில் ஒரு வேலியோரம் மோப்பம் பிடித்த பிக்கிள்ஸ் என்ற நாயைப் பற்றிப் பேச நம் பொருளாளரே பெயர் கொடுத்திருக்கிறார். கதை உண்மைதான், நான் பார்த்துவிட்டேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. ஆதாரம் தேடித் தவிக்கட்டும், சந்தா பாக்கியாவது வருகிறதா பார்ப்போம்.

இப்படிக்கு,
செயலாளர்