ஆண்டறிக்கை: இலவச கிளினிக் ஆய்வு

சங்க உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். விழா, வகுப்பு, வரவு செலவெல்லாம் பொருளாளர் அறிக்கையில இருக்கு, அதனால நம்ம மருத்துவக் குழு இந்த வருஷம் எடுத்த வேலைய மட்டும் விரிவா சொல்றேன். அமெரிக்காவுல இலவச கிளினிக்கெல்லாம் எப்படி மாறிட்டு வருதுன்னு பாக்கணும், அதான் வேலை.

1967ல சான் ஃபிரான்சிஸ்கோ ஹெய்ட் ஆஷ்பரியில இலவச கிளினிக் தொடங்குனப்ப வந்தவங்க பெரும்பாலும் இளசுங்க, போதையால வர்ற சிக்கலுக்கு வைத்தியம் பாத்துக்க வந்தாங்க. இப்போ நாங்க போன இடத்துலல்லாம் சுகர், பிரஷர்னு வருஷக்கணக்கா வர்றவங்கதான் அதிகம். 2014ல மெடிக்கெய்ட், அதாவது வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு அரசு குடுக்குற மருத்துவ இன்சூரன்ஸ், விரிவானதும் இனிமே இந்த கிளினிக்குக்கு தேவை இருக்காதுன்னு சிலர் நெனச்சாங்க, ஆனா டெக்சாஸ் மாதிரி மாநிலங்க இன்னும் விரிவாக்கல, விசா பேப்பர் சரியா இல்லாதவங்களுக்கு அதுல இடமில்ல, இன்சூரன்ஸ் கார்டு இருந்தும் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் பணம் குடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்ன நாமளே கட்ட வேண்டிய தொகை, கட்ட முடியாம வர்றவங்களும் இருக்காங்க, அதுக்கு மேல 2023 ஏப்ரல்ல இருந்து மெடிக்கெய்ட் பட்டியல மறுபடி சரிபாத்ததுல 2 கோடிக்கும் மேல பேர் வெளிய போனாங்க.

இதுல ஆய்வு பண்றவங்களுக்கு பெரிய தடை என்னன்னா, இலவச கிளினிக் யாருக்கும் பில் அனுப்புறதில்ல, பில் இல்லன்னா இன்சூரன்ஸ் கிளெய்ம் டேட்டாவும் இல்ல. அரசு மானியம் வாங்குற ஹெல்த் சென்டருங்க வருஷா வருஷம் கணக்கு குடுத்தாகணும், இவங்களுக்கு அப்படி கட்டாயம் இல்ல. 2005-06ல ஜூலி டார்னெல்ங்கற ஆய்வாளர் நாடு முழுக்க சர்வே எடுத்துத்தான் 1,007 கிளினிக் இருக்கு, வருஷத்துக்கு சுமார் 18 லட்சம் பேர் வராங்கன்னு 2010ல வெளியிட்டாங்க. அதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் எவ்வளவோ மாறிப்போச்சு.

ஒரு கிளினிக்ல பழைய ஃபைல் ஒண்ண பேர மறைச்சுட்டு காட்டுனாங்க. ஒரே சுகர் நோயாளி, ஒவ்வொரு விசிட்டும் வேற வேற கையெழுத்து, மாத்திரை அளவ ஒருத்தர் ஏத்தியிருக்கார், அடுத்தவர் கொறச்சிருக்கார், காரணம் எங்கயும் எழுதல. வாரம் ஒரு டாக்டர் வந்து சேவை செய்யறது பெரிய மனசு, ஆனா சுகருக்கு அது போதாது, கூடவே இருந்து பாக்க ஒரு சம்பள நர்ஸ் வேணும். அந்த மாதிரி சம்பளம் குடுக்க பணம் வேணும்னே சில கிளினிக் மெடிக்கெய்ட் பில்லிங்குக்கும் மாறிட்டு வராங்க. அத தப்புன்னு நான் சொல்லமாட்டேன், ஆனா கார்டே இல்லாதவங்க வரிசையில பின்னுக்கு போயிடக்கூடாது, அத கண்ணுல வெளக்கெண்ண விட்டு பாக்கணும்.

வர்ற வருஷம் நம்ம ஐடி ஆளுங்க ரெண்டு மூணு பேர் வந்தா போதும், யார் வராங்க, கார்டு இருக்கா, ஏன் இங்க வராங்கன்னு வாசல்லயே பதியற எளிய படிவம் ஒண்ணு செஞ்சு குடுக்கலாம். விருப்பம் இருக்கறவங்க கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட பேர் குடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்