மூன்று வருஷம் ஒளிந்திருந்த தப்பு

அன்புள்ள மாப்ளே,

வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். கிரகப்பிரவேசத் தேதியைச் சொல், இந்தத் தடவை டிமிக்கி கொடுக்க மாட்டேன். ஒரு மாதமாக ஒரு எடை மேடையில் மாட்டிக்கொண்டிருந்தேன், அதனால்தான் பதில் தாமதம்.

லாரி எடை போடும் மேடை. ரசீது அடிக்கும் நிரல் நான் பைத்தானில் எழுதியது. எடைக்கருவியோடு பேச, அதைச் செய்தவர்கள் சி-யில் கம்பைல் பண்ணிய ஒரு எஸ்ஓ கோப்பும் (ஃபங்ஷன்கள் அடங்கிய லைப்ரரி), அந்த ஃபங்ஷன்கள் எதை வாங்கி எதைத் தரும் என்று சொல்லும் ஹெடர் கோப்பும் கொடுத்தார்கள், சோர்ஸ் கிடையாது. பைத்தானையும் சி-யையும் சேர்த்துவைப்பது சிடைப்ஸ் என்ற பைத்தான் மாட்யூல். 2006-இல் பைத்தான் 2.5 வந்ததிலிருந்து கூடவே இருக்கிறது. கோப்பின் பெயரைக் கொடுத்தால் லைப்ரரி திறக்கும். புள்ளி வைத்து ஃபங்ஷன் பெயரைப் போட்டால் ஓடும். இவ்வளவுதானா என்று தோன்றும் பார், அங்கேதான் வினை.

32 பிட் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் மூன்று வருஷம் ஒழுங்காக ஓடியது. போன மாதம் 64 பிட்டுக்கு மாற்றினோம், எஸ்ஓ-வும் புதிதாக வந்தது. கருவியைத் திறந்தால் திறக்கிறது. எடையைப் படி என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு நிரல் சாகிறது. பைத்தான் வழக்கமாகக் காட்டும் பிழைச்செய்திகூட இல்லை, பொத்தென்று விழுந்தது. வெளியே லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. லைப்ரரிக்காரர்களை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அப்புறம் அந்தத் திறக்கும் ஃபங்ஷன் தந்த பாயிண்டரை, அதாவது நினைவக முகவரியை, ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) அச்சிட்டேன். பத்துப் பன்னிரண்டு இலக்கம் வர வேண்டிய முகவரிக்கு எட்டே இலக்கம். முன்னால் ஒரு மைனஸ் குறி வேறு! முகவரிக்கு ஏதடா மைனஸ்?

சி-யில் எழுதிய எஸ்ஓ கோப்பில் ஃபங்ஷனின் பெயர்தான் இருக்கும், அது எதைத் திருப்பித் தரும் என்பது இருக்காது. நாம் சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதை நான்கு பைட் இன்ட் (முழு எண்) என்றே எடுத்துக்கொள்ளும். 32 பிட்டில் பாயிண்டரும் நான்கு பைட், அதனால் என் தப்பு மூன்று வருஷம் ஒளிந்திருந்தது. 64 பிட்டில் எட்டு. மேல் பாதி வெட்டுப்பட்டுவிட்டது.

ஃபங்ஷன் எதைத் திருப்பித் தரும் என்று சொல்லும் ரெஸ்டைப்பில் வாய்ட் பாயிண்டர் (வகை குறிப்பிடாத முகவரி) என்று எழுதினேன். மறுபடியும் விழுந்தது. ஏனென்றால் அந்த முகவரி பைத்தானுக்குள் சாதாரண முழு எண்ணாக வந்து சேர்கிறது. அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுக்கும்போது திரும்பவும் இன்ட் ஆகி வெட்டுப்படுகிறது. ஃபங்ஷனுக்குள் போகும் மதிப்புகளின் வகையைச் சொல்லும் ஆர்க்டைப்ஸையும் எழுதிய பிறகுதான் திரையில் எடை வந்தது. ஹெடரைப் பார்த்து எல்லா ஃபங்ஷனுக்கும் இரண்டையும் எழுதிவைக்க அரை நாள் ஆயிற்று. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

நீ கேட்டது வேறு சிக்கல்: கால்பேக் (சி திரும்பக் கூப்பிட நாம் கொடுக்கும் ஃபங்ஷன்) கொஞ்ச நேரம் வேலை செய்து, பிறகு நிரலே சாகிறது என்றாய். பைத்தான் ஃபங்ஷனைச் சுற்றி நீ செய்த கால்பேக்கை எந்த மாறியிலாவது வைத்திருக்கிறாயா? நேராக சி ஃபங்ஷனுக்குள் கொடுத்துவிட்டால் பைத்தான் அதைக் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடும்; சி பக்கம் மட்டும் அந்தப் பழைய முகவரியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எழுது. சரியாகாவிட்டால் ஹெடரை அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்காரன்