தரையில் உட்கார வெட்கப்படாதே

அன்புள்ள தங்கச்சி,

பிள்ளைத்தாய்ச்சியான நீ சௌரஸ்தா சந்தையில் மீன் வாங்கும்போது மயங்கப் பார்த்ததாக அம்மா போனில் அழுதார். பள்ளி சபைகூடலில் வெயிலில் நின்று விழுந்தவர்கள்தானே நாம் இருவரும்! நின்றுகொண்டே இருந்தால் ரத்தம் காலில் தேங்கி, சட்டென்று இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கிவிடும். வேசோவேகல் மயக்கம் என்பார்கள். கர்ப்பத்தில் ரத்தக்குழாய்கள் தளர்ந்திருப்பதால் நமக்கு இன்னும் சுலபமாக வரும்.

எனக்கு ஐந்தாம் மாதம். எல்ஆர்டி ரயிலில் காது இரைந்தது, கண் இருண்டது. வயிறு தெரியாததால் இடம் கேட்கக் கூச்சம். கண் திறந்தபோது ஒரு மக்சிக் (மலாய்க்கார அம்மா) என் காலைத் தன் பையின் மேல் தூக்கி வைத்து விசிறிக்கொண்டிருந்தார். அன்று விட்டேன் கூச்சத்தை. இப்போதெல்லாம் காது இரைந்தாலே, செந்தூல் கடைவாசல் என்றாலும் தரையில் உட்கார்ந்துவிடுவேன். உட்காரவே வழியில்லை என்றால் காலைப் பின்னி, தொடையை இறுக்கி, கையை முறுக்கிப் பிடி. கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குள் இடம் தேடு.

காலையில் எழுந்ததும் நிற்காதே, படுக்கையிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடி. பசியாறாமல் வெளியே போகாதே. உப்பு அதிகம் சேர் என்று அத்தை சொல்வார். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். 20 வாரத்துக்கு மேல் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், இடப்பக்கம் படு. ரத்தம் எடுக்கும்போது படுத்துக்கொள்கிறேன் என்று நர்ஸிடம் முதலிலேயே சொல். சீனிப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும், அன்று தனியாகப் போகாதே.

இந்த வருடம் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளும் வேண்டாம், முருகன் கோபிக்கமாட்டார்.

சந்தையில் நடந்ததை கிளினிக்கில் சொல்லி பிங்க் புத்தகத்தில், அதுதான் உன் கர்ப்பகாலப் பதிவேட்டில், எழுத வை. ரத்தச்சோகையாகவும் இருக்கலாம், ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். ஆனால் படுத்திருக்கும்போதே மயக்கம், முன்னறிகுறியே இல்லாமல் விழுவது, நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல், ரத்தப்போக்கு, வயிறு அடிபட விழுவது, இதில் எது வந்தாலும் அம்மாவிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்காதே. உடனே 999-க்குப் போன் அடி.

அப்புறம், இனிமேல் மீன் வாங்க மாப்பிள்ளை போகட்டும். செவுள் பார்க்கத் தெரியாவிட்டால் வீடியோ கால் போடச் சொல், நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா