பொழுது சாயாத பாதை

ஸ்டாக்ஹோம்
28 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்குத் திட்டாதே, எழுத உட்காரும்போதெல்லாம் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன். ஸ்வீடனின் வடகோடி மலைகளில் நடந்தபோது கரடியைப் பார்த்தாயா என்ற உன் முதல் கேள்விக்கே முதல் பதில்: பார்க்கவில்லை. நான் பார்த்ததில் பெரிய விலங்கு துருவ மான். என்னைப் பாடாய்ப் படுத்தியது கொசு. நம் ஊர்க் கொசு திருடனைப் போல வரும். இது ஊர்வலமாக வருகிறது.

ஜூலை முதல் வாரம் போனேன். ஸ்டாக்ஹோமில் மாலை ரயில் ஏறினால் மறுநாள் கிருனாவைத் தாண்டி அபிஸ்கோவில் இறங்கலாம். கிருனா இரும்புச் சுரங்க நகரம். சுரங்கம் அடியில் தோண்டிக்கொண்டே போவதால் ஊரையே பெயர்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். போன வாரம் 672 டன் எடையுள்ள பழைய மரத் தேவாலயத்தைச் சக்கர வண்டிகளின் மேல் ஏற்றி ஐந்து கிலோமீட்டர் நகர்த்தினார்களே, நீயும் டிவியில் பார்த்திருப்பாய். நான் போனபோது அது பழைய இடத்திலேயே இருந்தது.

அபிஸ்கோ ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே ஹெமவன் வரை சுமார் 440 கிலோமீட்டர் நீளும் பாதைக்குக் குங்ஸ்லேடன் என்று பெயர். அரசபாதை என்று சொல்லலாம். நான் வடக்கு முனையில் நடந்து, சிங்கி என்ற இடத்தில் பிரிந்து, கெப்னெகைசே மலையின் அடிவாரம் வழியாக நிக்கலுவோக்தாவில் வெளியே வந்தேன். மொத்தம் 105 கிலோமீட்டர் இருக்கும். கெப்னெகைசே சிகரத்தில் ஏறவில்லை, ஏறும் ஆசையும் இல்லை. அதன் தெற்குச் சிகரத்தின் தலை வெறும் பனிக்கட்டி; உருகி உருகி, 2019 முதல் நாட்டின் மிக உயர்ந்த இடம் என்ற பட்டத்தைப் பக்கத்து வடக்குச் சிகரத்திடம் கொடுத்துவிட்டது.

இடையிடையே சத்திரங்கள் போல மரக் குடில்கள். மின்சாரம் கிடையாது. ஓடையில் தண்ணீர் மொண்டு வர வேண்டும், விறகு பிளக்க வேண்டும், கிளம்புமுன் பெருக்கிவிட்டுப் போக வேண்டும். யாரும் யாரையும் வேலை ஏவுவதில்லை. ஆனால் அடுத்து வருபவருக்கு விறகு இல்லாமல் கிளம்பினால் முகத்தில் விழிக்க முடியாது. தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பல் கூசும்.

நான் சொல்ல வந்தது இதுவல்ல. வெளிச்சத்தைப் பற்றி.

சின்ன வயதில் அம்மா சொல்வாளே, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வீடு வந்து சேர் என்று. ஐம்பத்தாறு வயதிலும் என் காலுக்குள் அந்தக் கட்டளைதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே போன பிறகுதான் தெரிந்தது. வானம் மங்கினால் நடையைக் கட்டு, தங்க இடம் தேடு, அடுப்பைப் பற்றவை. அங்கே ஜூலையில் வானம் மங்குவதே இல்லை. சூரியன் மலை முதுகுக்குப் பின்னால் ஒதுங்கும், வெளிச்சம் மட்டும் நம் ஊர் மாலை ஐந்தரை மணி போல அப்படியே நிற்கும். ஒரு நாள் அலெஸ்யவுரே என்ற குடிலில் கிளம்பி, மாலை ஆறு மணிக்குச் செக்சா குடிலை அடைந்தேன். அங்கேயே தங்கியிருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வெளியே பார்த்தால் பட்டப்பகல். இவ்வளவு வெளிச்சத்தை வீணாக்குவதா என்று ஒன்பது மணிக்கு மறுபடி மூட்டையைத் தூக்கினேன்.

புத்தி வேண்டாமா? அன்று காலையிலிருந்து நடந்த கால் அது. கால் சொன்னதைக் கண் கேட்கவில்லை. செக்சா கணவாய் அந்தப் பாதையிலேயே உயரமான இடம், சுமார் 1150 மீட்டர். ஏற்றத்தில் பனித்திட்டுகள் இன்னும் கரையவில்லை. மேலே கெட்டியாகத் தெரிந்த ஒரு திட்டில் காலை வைத்தேன். அடியில் ஓடை அரித்து உள்ளே வெறும் கூடு. தொடை வரை இறங்கிவிட்டேன். காயம் ஒன்றுமில்லை, பூட்ஸ் நிறையப் பனித்தண்ணீர். கணவாயின் மேல் ஒரு சிறு தங்குமிடம் இருந்ததோ பிழைத்தேனோ. உள்ளே உட்கார்ந்து காலுறை மாற்றும்போது கடிகாரத்தைப் பார்த்தேன்: பன்னிரண்டு இருபது. ஜன்னலுக்கு வெளியே எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு வெளிச்சம். குளிரால் வந்த நடுக்கம் பாதி, நேரத்தைப் பார்த்து வந்த நடுக்கம் பாதி. அதிகாலை நான்கு மணிக்குச் சால்கா குடிலுக்குத் தள்ளாடிப் போய்ச் சேர்ந்தேன். காப்பாளர் அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை, கட்டிலைக் காட்டினார்.

அந்த வெளிச்சத்தோடு வாழத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். மான் மேய்க்கும் அந்த மக்களின் பெயர் சாமி. சிரிக்காதே, உண்மையிலேயே சாமிதான். கோடையில் மான் கன்றுகளின் காதில் சின்னச் சின்ன வெட்டுகள் போட்டு உரிமைக் குறி வைப்பார்கள். நம் ஊரில் ஆட்டுக்குக் காது கிள்ளுவார்களே, அதுபோல. ஒவ்வொருவருக்கும் தனிக் குறி. அந்த வேலையைப் பெரும்பாலும் இரவில் செய்கிறார்கள். பகல் சூட்டில் விரட்டினால் கன்று களைத்துப்போகும், பூச்சித் தொல்லையும் அதிகம். மான்கள் பகலில் கொசுவுக்குப் பயந்து பனித்திட்டின் மேல் ஏறி நிற்பதை நானே பார்த்தேன். அவர்கள் இரவில் வேலை செய்து பகலில் படுக்கிறார்கள். நான் பகலிலும் நடந்து இரவிலும் நடந்தேன்.

வெள்ளியங்கிரியில் டார்ச் அணைந்துபோய், நாலாவது மலையில் நாம் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோமே, கணவாய் மேல் அந்த இரவு நினைவுக்கு வந்தது. அன்று இருட்டைத் திட்டினோம். இருட்டுதான் நம்மை உட்கார வைத்தது.

அடுத்த செப்டம்பர் முதல் வாரம் நீ வர வேண்டும். பூர்ச்ச மரங்கள் மஞ்சளாகிவிடும், கொசு இருக்காது, இரவு என்று ஒன்று இருக்கும். வானம் தெளிந்தால் துருவ ஒளியும் தெரியலாம். முழங்கால் பற்றி மருத்துவர் என்ன சொன்னார், உண்மையை எழுது. ஏற்றம் குறைவு, சதுப்பில் பலகை போட்டிருக்கிறார்கள், நீ சமாளித்துவிடுவாய். கம்பளிக் காலுறை மூன்று ஜோடி எடுத்துக்கொள்.

டார்ச்சும் தேவைப்படும். பேட்டரி இந்த முறை என் பொறுப்பு. போன தடவை அதை மறந்தது யார் என்று இருவருக்கும் தெரியும்.

அன்புடன்,
ராகவன்