காணி உறுதி யார் பெயரில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

1987இல் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை விட்டுப் புறப்பட்டவன் நான். இப்போது கனடியக் குடிமகன். சென்ற ஆண்டு எங்கள் வளவை ஒட்டிய இரண்டு பரப்புக் காணி விலைக்கு வந்தது. அம்மா தண்ணீர் அள்ளிய பங்குக் கிணறு அதற்குள்தான் இருக்கிறது. துலாக்கால் இன்னும் நிற்கிறது. "வெளிநாட்டவர் வாங்க முடியாது, உறவினர் பெயரில் எழுதிவிடுங்கள்" என்றார் தரகர். மைத்துனர் பெயரில் உறுதி முடித்தோம். பணம் முழுவதும் என்னுடையது. இன்று அவர் அதை ஈடு வைத்துவிட்டார். போய்க் கேட்க என் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

பிறகுதான் இலங்கையின் 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்தை வாசித்தேன். வெளிநாட்டவருக்குக் காணி விற்கத் தடை இருப்பது உண்மை. ஆனால் இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை! நெருங்கிய உறவினரிடமிருந்து முதுசமாக வருவதற்கும் இல்லை. குத்தகை 99 ஆண்டுகள் வரை எடுக்கலாம். அடுக்குமாடி வீட்டுக்கும் விதிவிலக்கு உண்டு. எனக்கு வேண்டியது அந்தக் கிணறு.

இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊர் வருகிறவர்கள் தரகரைப் பார்க்கும் முன்பே அறியும்படி, இவ்விவரங்களைத் தங்கள் பத்திரிகை முன்பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் சாரதி,
ஸ்காபரோ